நன்னியின் ஆண்டுக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுத வருவோர் பெரும்பாலும் ஒரே நாளிலிருந்துதான் தொடங்குவர். 1895ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு பெரியாற்று நீரைத் திறந்துவைத்தார் என்பது அந்தத் தொடக்கம். அது சரியான தேதிதான், ஐயமில்லை. ஆனால் அந்த நீர் பாய்ந்த வயல்களுக்கு நடுவே உத்தமபாளையத்தில் பிறந்து, வாழ்ந்து, அந்த மண்ணிலேயே அடங்கிய நம் நன்னி, தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அந்த ஆண்டை எண்ணால் சொல்லி நாம் கேட்டதில்லை. ‘தண்ணி வந்த வருசம்’ என்பார். கேட்பவர்க்கும் அது போதுமானதாக இருந்தது.

நன்னி என்பது நம் பக்கத்து இராவுத்தர் குடும்பங்களில் பாட்டியை அழைக்கும் பெயர். கடற்கரை ஊர்களில் உம்மம்மா என்றும் வாப்பும்மா என்றும் வழங்குவதை நேயர்கள் அறிவர்.

அவரிடம் நாட்காட்டி இல்லை, கணக்கு இருந்தது. மாதங்களைப் பிறையால் அறிவார். மௌலூதுப் பிறை, முஹ்யித்தீன் ஆண்டவர் பிறை, நாகூர் ஆண்டவர் பிறை, பராஅத்துப் பிறை, நோன்புப் பிறை, ஹஜ்ஜுப் பிறை என்று அவர் சொல்லும்போது ஆண்டு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். ஆண்டுகளை நிகழ்ச்சிகளால் அறிவார். தாது வருசப் பஞ்சம், தண்ணி வந்த வருசம், தொண்ணூற்றொன்பது வெள்ளம், ரயில் வந்த வருசம், பவுன் ஏறின வருசம், ரயிலைப் பிடுங்கின வருசம், நன்னா மௌத்தான வருசம். யார் எப்போது பிறந்தார், எந்த வயல் எப்போது வாங்கப்பட்டது, எந்தக் கடன் எப்போது தீர்ந்தது என்பதெல்லாம் இவற்றை ஒட்டித்தான் அவர் நினைவில் நின்றன. இந்தக் கணக்கை ஏடுகளில் உள்ள கணக்கோடு வைத்துப் பார்க்க விழைகிறோம். பார்த்தால், சில இடங்களில் நன்னி பிசகுகிறார். சில இடங்களில் ஏடுகள் பிசகுகின்றன.

முதலில் அவருடைய வயதை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டில் நன்னி வஃபாத்தானபோது அவருக்கு வயது நூற்றிரண்டு என்று உறவினர் பலர் சொன்னார்கள். சொன்னதற்குக் காரணம் இருந்தது. ‘தொண்ணூத்தொம்பது வெள்ளத்தப்ப எனக்குப் பதினெட்டு வயசு, மூத்தவன் வயித்துல’ என்று அவரே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றொன்பது என்றால் 1899, அதில் பதினெட்டைக் கழித்தால் 1881, ஆகவே நூற்றிரண்டு. கழித்தல் சரிதான். ஆனால் 1899இல் அப்படியொரு வெள்ளம் மேற்கு மலையில் வந்ததாக யாரும் எழுதவில்லை.

விடை மலைக்கு அப்பால் இருந்தது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு வழங்கிற்று. கொல்லம் 1099ஆம் ஆண்டின் கர்க்கடக மாதத்தில், அதாவது 1924 ஜூலையில், கேரள நாடு முழுவதையும் மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. மலையாளிகள் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்றே சொல்கின்றனர். மலைக்கு ஏறி இறங்கிய நம்மவர் வெள்ளத்தின் செய்தியோடு அதன் பெயரையும் சேர்த்தே கீழே கொண்டுவந்தனர். நன்னி சொன்னது கொல்லக் கணக்கு. உறவினர் கழித்தது ஆங்கிலக் கணக்கு. ஆக, அவர் பிறந்தது 1906 வாக்கில். இறக்கும்போது அவருக்கு எழுபத்தேழு. அவர் எண்ணியதுபோல் பிறைக் கணக்கில் எண்ணினால் எழுபத்தொன்பது. ஏனெனில் முப்பத்திரண்டு சூரிய ஆண்டுகளுக்குப் பிறையாண்டு ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆகிவிடும். இதற்கு இன்னொரு சான்றும் அவர் பேச்சிலேயே உண்டு. 1881இல் பிறந்திருந்தால், நீர் வந்தபோது அவர் பதினான்கு வயதுச் சிறுமியாக நின்று கண்ணால் கண்டிருக்க வேண்டும். அவரோ நீர் வந்த கதையை எப்போதும் ‘எங்க அம்மா சொல்லும்’ என்றுதான் தொடங்குவார்.

நூற்றிரண்டை எழுபத்தேழாகக் குறைத்ததில் உறவினர் சிலருக்கு நம்மீது இன்றும் வருத்தம் உண்டு.

அந்த வெள்ளத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மூணாற்றில் தேயிலைத் தோட்டத்தார் நடத்திவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதை அந்த மழையில் அழிந்து, மீண்டும் போடப்படவேயில்லை. மூணாற்றுத் தேயிலை அக்காலத்தில் அந்தப் பாதை வழியாக மலையுச்சிக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடிநாயக்கனூரை அடுத்த கொட்டகுடிக்கு இறங்கும். எனவே மலைமேல் பெய்த மழை மலைமேலோடு நிற்கவில்லை. கீழே பள்ளத்தாக்கின் வாணிகத்தையும் அடித்தது. நம் நன்னா, அதாவது நன்னியின் கணவர், குமுளி வழியாக வண்டிப்பெரியாறு, பீருமேடு வரை மாட்டு வண்டி ஓட்டியவர். அரிசியும் மிளகாய் வற்றலும் பருப்பும் ஏற்றிச் செல்வார். ஏலக்காயும் மிளகும் ஏற்றி வருவார். வெள்ளத்தின்போது அவர் மேலே இருந்தார். பாதை அறுந்தது. இருபத்தோரு நாள் செய்தியில்லை என்று நன்னி சொல்வார். இருபத்தொன்றா, பதினெட்டா என்று நம்மால் சரிபார்க்க இயலாது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு காத்திருந்தவர் எண்ணிய நாட்கள் அவை.

காஞ்சிரப்பள்ளி, ஈராற்றுப்பேட்டை, பத்தனம்திட்டை ஆகிய ஊர்களில் இராவுத்தர் குடும்பங்கள் இருப்பதும், அவர்களுள் பலர் பாண்டி நாட்டிலிருந்து மலையேறிச் சென்றவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதும் நேயர்கள் அறிந்ததே. ஏலமும் மிளகும் விளையும் மலைக்கும், நெல் விளையும் பள்ளத்தாக்குக்கும் இடையே பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் ஓர் உறவு வலை இருந்தது. நூல்கள் வாணிகர்களைச் சொல்கின்றன; வாணிகர் திரும்பி வரும்வரை வீட்டையும் மாட்டையும் கடன்காரரையும் பார்த்துக்கொண்ட பெண்களைச் சொல்வதில்லை. நன்னா ஆண்டில் பாதி நாள் வீட்டில் இருந்ததில்லை. அந்தப் பாதியை நடத்தியவர் நன்னி.

இனி அணைக்கு வருவோம். அந்தக் கதை நன்னியின் தாயார் வழி வந்தது. அது தாது வருசத்திலிருந்து தொடங்கும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்தப் பஞ்சத்திற்குப் பிறகுதான், மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணத்துக்கு அரசினரிடம் வேகம் பிறந்தது. அணை கட்டும் இடம் திருவிதாங்கூர் மண்ணில் இருந்தது. 1886 அக்டோபர் 29இல் ஒப்பந்தம் ஆயிற்று: எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. ‘மலைய வாடகைக்குப் புடிச்சாங்க’ என்று நன்னி இதை ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவார். அடுத்த ஆண்டு வேலை தொடங்கிற்று. கர்னல் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் தலைமையில் எட்டாண்டுகள், சுண்ணாம்பும் சுருக்கியும் கல்லும் கொண்டு, யானையும் புலியும் திரிந்த காட்டில் நடந்த வேலை அது. கட்டிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துப்போனது. காட்டுக் காய்ச்சலும் வாந்திபேதியும் ஆட்களை வாரிக்கொண்டன.

நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது. அணைக்கு வடக்கே அவர்களை அடக்கிய இடம் இருக்கிறது. எண் இருக்கிறது, இடம் இருக்கிறது. பெயர்?

நன்னியின் அத்தாவுக்கு ஒரு தமையனார் இருந்தார்; நன்னிக்குப் பெரியத்தா முறை. சுண்ணாம்பு மூட்டை ஏற்றிய மாடுகளோடு கூடலூருக்கு மேலே போனவர், திரும்பவில்லை. அடக்கியவர் யார், தொழுவித்தவர் யார், எந்தக் குழி என்பது வீட்டுக்குத் தெரியவில்லை. நன்னி அவரைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே நன்னி பிறந்தார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பராஅத்து இரவில் யாசீன் ஓதி முடித்து, வீட்டில் மறைந்தவர்களின் பெயர்களை அவர் வரிசையாகச் சொல்லும்போது, மூன்றாவதாகவோ நான்காவதாகவோ அந்தப் பெயர் வரும். தாயிடமிருந்து அவர் பெற்ற வரிசை அது. தாய்க்கு மாமியார் தந்தது. அந்த இரவின் வழக்கங்களைப் பற்றி இன்று மாறுபட்ட கருத்துடையோர் நம்மிடையே உண்டு. அந்த வாதம் இங்கு வேண்டாம். 483 என்ற எண்ணுக்குள் இருந்த ஒருவரின் பெயர் தொண்ணூறு ஆண்டுக் காலம் அந்த வரிசையால்தான் காப்பாற்றப்பட்டது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம். எஞ்சிய பெயர்களையும் இப்படிப் பல வீடுகளில் பல நன்னிமார்களும் அப்பத்தாக்களும் வைத்திருந்திருக்க வேண்டும். அணையில் உழைத்தவர்கள் எல்லாச் சமயத்தாருமே.

பென்னிகுயிக் பற்றி நன்னி சொன்ன கதை ஒன்று உண்டு. பள்ளத்தாக்கில் எல்லாரும் சொல்லும் கதைதான். வெள்ளத்தில் வேலை கெட்டு, அரசாங்கம் பணம் தர மறுத்தபோது, துரை சீமைக்குச் சென்று தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது அது. இதற்கு ஆவணச் சான்று கிடையாது. எண்பது இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவு அரசாங்கக் கணக்கில்தான் எழுதப்பட்டது. இங்கே நன்னி பிசகுகிறார் என்று சொல்லலாம். ஆனால் அவர் அந்தக் கதையைச் சொல்லும் முறையைக் கவனித்தவர் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டார். மற்றவர்கள் துரையின் தியாகம் என்பர். நன்னியோ, ‘அந்தத் துரைசாணி கழட்டிக் குடுத்தா பாரு’ என்பார். துரையை விட்டுவிட்டுத் துரைசாணியின் நகையில் அவர் நிற்பார். ஏனெனில் அது அவருக்குத் தெரிந்த வேலை.

நம் வீட்டு வயல் வந்த கதை அதுதான். நன்னி தம் திருமணத்தில் காது நிறைய அலுக்கத்து அணிந்து வந்தவர். பழைய தலைமுறைப் பெண்களின் செவி விளிம்பு முழுவதும் வரிசையாகத் துளையிட்டு அணிந்த அந்த நகையை இன்று பார்ப்பதற்கில்லை. ‘பவுன் ஏறின வருசத்துல நெல்லு விழுந்துச்சு, அப்பத்தான் கழட்டிக் குடுத்தேன்’ என்பார். நெடுநாள் இது நமக்கு விளங்காத கூற்றாக இருந்தது. விலைவாசி வீழ்ந்தால் எல்லாமே வீழ வேண்டாமா? தங்கம் மட்டும் எப்படி ஏறும்?

ஏறியது. உலகப் பொருளாதார மந்தத்தில் 1930 முதல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிப் பயிரிட்டவர்கள் நிலத்தை விற்றுக் கடனடைத்தனர். நிலத்தின் விலையும் தாழ்ந்தது. அந்நிலையில் 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்த கட்டை அவிழ்த்துவிட்டது. ரூபாய் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்ததால், ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறிற்று. அதன்பின் சில ஆண்டுகள் இந்தியக் கிராமங்களிலிருந்து பெண்களின் நகைகள் உருகி, கப்பல் கப்பலாக இலண்டனுக்குச் சென்றன. பொருளாதார நூல்கள் இதைத் துயரத் தங்கம் என்கின்றன. பெரும்பாலோர்க்கு அது துயரம்தான். பசிக்கும் கடனுக்கும் விற்றவர்களே மிகுதி. ஆனால் எழுத்தறியாத ஒரு பெண் உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு, தங்கம் உயர்ந்து நிலம் தாழ்ந்த அந்தக் குறுகிய காலத்தைக் கண்டுகொண்டு, அலுக்கத்தைக் கழற்றி நான்கு ஏக்கர் இருபோக நன்செய் வாங்கச் சொன்னார் என்றால், அதை வெறும் துயரம் என்று எழுத நம் பேனா இசையவில்லை. அவருடைய காதுத் துளைகள் வெறுமையாகவே இருந்து, பின்னர்த் தூர்ந்தும்போயின. கருகமணியைத் தவிர வேறு நகை அவர் கழுத்திலும் நாம் கண்டதில்லை. கிரயப் பத்திரம் நன்னாவின் பெயரில் எழுதப்பட்டது. அக்கால வழக்கம் அது.

‘எழுத்தறியாத’ என்று இப்போது எழுதினோம். அந்தச் சொல்லையும் ஆராய வேண்டும்.

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல், எழுத்தறிந்தவர் என்பதற்கு ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது: நண்பருக்கு ஒரு கடிதம் எழுதவும், வந்த பதிலைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறியாதவரே. இந்த அளவுகோல் வேறு யாருக்கு எப்படியோ, நம் சமுதாயத்துப் பெண்களை அடியோடு மறைத்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்த நம் முன்னோர், எழுதக் கற்பிக்கத் தயங்கினர். எழுதத் தெரிந்த பெண் யாருக்கு எழுதுவாளோ என்ற அச்சம்! விளைவாக, குர்ஆனை ஓதவும், அரபு எழுத்தில் அச்சிட்ட தமிழ் நூல்களைப் படிக்கவும் நன்கு தெரிந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் எல்லாரும் அரசாங்க ஏட்டில் எழுத்தறியாதவர்களாகவே இறந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுத் தமிழில் மார்க்கச் சட்டங்களை எழுதியது இப்படிப்பட்ட வாசகர்களுக்காகவும்தான். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் மிகச் சிறிதளவே பள்ளியில் படித்து, 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை உ. வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டார். அவர் எழுதினார், ஆகவே வரலாற்றில் இருக்கிறார். படித்து மட்டும் வாழ்ந்த பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?

நன்னியிடம் அட்டை கிழிந்து துணி ஒட்டிய அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று இருந்தது. நாம் ஹனஃபிகள், அந்த நூல் கடற்கரையில் ஷாஃபிஈ ஆலிம் ஒருவர் எழுதியது. தொழுகையில் கைகட்டும் இடம் வேறுபடும் பக்கங்களை அவர் புன்னகையோடு புரட்டிவிடுவார். வேறுபடாத பக்கங்களும் இருந்தன. அவற்றில் ஒன்று வாரிசுப் பங்கு.

நன்னா 1952இல் மௌத்தானார். ரயிலைப் பிடுங்கிய பின், அது திரும்பி வருமுன் என்பது நன்னியின் கணக்கு. மதுரை–போடி பாதை 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் போர்த் தேவைக்கென்று பெயர்த்தெடுக்கப்பட்டன. மறுபடி வண்டி ஓட ஐம்பதுகளின் நடுப்பகுதி ஆயிற்று. இங்கே அவர் கணக்கு ஏட்டோடு நூலிழை பிசகாமல் பொருந்துகிறது.

இத்தா முடிந்த சில நாட்களில் வீட்டுக்குப் பத்திரம் ஒன்று வந்தது. நன்னிக்கு இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். பெண்கள் மூவரும் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். ஊர் வழக்கம் என்னவென்றால், பெண்ணுக்கு நகை, ஆணுக்கு நிலம். பெண்மக்களும் தாயும் தங்கள் பாத்தியதையை விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பார்கள். நிலம் ஆண்மக்கள் பெயருக்குப் போகும். பள்ளத்தாக்கில் மட்டுமன்று, உழவுத் தொழில் செய்த நம் மக்கள் வாழ்ந்த பல ஊர்களிலும் இதுவே நடந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசு உரிமையை மார்க்கச் சட்டப்படி ஆக்கியபோதும், விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சொத்து என்றாலே வயல்தான் என்றிருந்த மக்களுக்கு அந்த விலக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாகாணச் சட்டமன்றம் 1949இல் அச்சட்டத்தைத் திருத்தி, விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, வழக்கம் போகவில்லை. கைநாட்டு வாங்கிவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

பெருவிரலில் மை தடவ வந்தபோது நன்னி, ‘படிச்சுக் காட்டுங்க’ என்றார். படித்தார்கள். ‘மனப்பூர்வமாய்’ என்ற சொல் வந்ததும் நிறுத்தச் சொன்னாராம். எழுந்து உள்ளே போய்க் கிதாபை எடுத்துவந்தார். ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுத்துவந்தார். எட்டுக் கொட்டைகளைத் தரையில் வைத்தார். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. ஒரு கொட்டையைத் தம் பக்கம் நகர்த்தினார். மிச்சம் ஏழு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு ஆண்களுக்கு நான்கு, மூன்று பெண்களுக்கு மூன்று. ஏழும் தீர்ந்தது. எட்டுக் கொட்டை, நான்கு ஏக்கர். கொட்டைக்கு அரை ஏக்கர். ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவரும் இருந்தார். கணக்கில் பிழை சொல்ல யாராலும் முடியவில்லை. ‘நகை போட்டாச்சே’ என்றார் ஒருவர். ‘போட்டது நான். கழட்டினதும் நான். இது அல்லா வச்ச பங்கு, நீங்க வச்சது இல்ல’ என்று நன்னி சொன்னதை, அன்று அந்தத் திண்ணையில் இருந்த நம் அத்தா நமக்குச் சொல்லியிருக்கிறார். அவர் அந்த இரண்டு ஆண்மக்களில் இளையவர். ஓர் ஏக்கர் இழந்தவர்களில் ஒருவர் என்றும் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் இழப்பு இருந்ததில்லை. தம் தமையனாருக்கு அப்படி இல்லை என்பதையும் அவர் மறைத்ததில்லை. அந்த மனத்தாங்கல் நெடுநாள் நீடித்தது. பெரியத்தா வீட்டில் ஆறு ஆண்டுகள் நன்னி தண்ணீர் குடித்ததில்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்பட்டது. அந்தப் பத்திரத்தை நாம் பார்த்திருக்கிறோம். நன்னியின் பெயருக்கு நேரே கைநாட்டு. அதன் கீழே, இவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், படித்துக்காட்டி ஒப்புக்கொண்டார் என்று குமாஸ்தாவின் எழுத்து. ஏடு பிசகிய இடம் இது.

மூன்று பெண்மக்களில் கடைசி அத்தையைக் குமுளியில் கொடுத்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கிளர்ச்சி கைகூடாமல், அவை கேரளத்தோடு நின்றன. அத்தையின் வீடு ஒரு மாநிலத்திலும், அவருடைய அரை ஏக்கர் இன்னொரு மாநிலத்திலும் ஆயின. அதே 1956இல்தான் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் தொடங்கிற்று. நன்னி அதன் வாயிலைக் கடந்துபோகும்போதெல்லாம் பிஸ்மில்லாஹ் சொல்வார். எல்லையைப் பற்றி மட்டும் அவருக்குக் கடைசிவரை அக்கறையில்லை. ‘மேல’, ‘கீழ’ என்ற இரண்டே சொற்கள்தான் அவரிடம் இருந்தன. 1979இல் அணையின் பாதுகாப்பைக் காட்டி நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைத்தபோதுதான், மேலே ஓர் அரசும் கீழே ஓர் அரசும் இருப்பது அவருக்கு உறைத்தது. ‘தண்ணி குறைஞ்ச வருசம்’ என்பதே அவர் கணக்கில் நாம் அறிந்த கடைசி ஆண்டு.

அவர் வாழ்ந்ததெல்லாம் மதுரை ஜில்லாவில். தேனி மாவட்டம் 1996இல்தான் பிரிந்தது. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றி, குமுளி எல்லையில் கல்லெறியும் தடியடியுமாகிப் போக்குவரத்து நின்றபோது, நன்னி எண்ணிய இருபத்தொரு நாள் நம் வீட்டில் எல்லாருக்கும் நினைவு வந்தது. மேலே இருந்த மக்களும் கீழே இருந்த மக்களும் ஒருவர்க்கொருவர் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தனர். அவர்களுள் பலர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பென்னிகுயிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் பள்ளத்தாக்கில் இப்போது பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. தகும்.

நன்னியின் பெயர் வரிசையை அத்தை கடைசிவரை சொல்லிவந்தார். அவரிடமிருந்து அதை அவர் மகள் கேட்டு, தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். முப்பத்தாறு பெயர்கள். பெரியத்தாவின் பெயர் அதில் நான்காவது. நோட்டின் முதல் பெயராக நன்னியின் பெயரைச் சேர்த்திருக்கிறார். குமுளி அத்தையின் அந்த அரை ஏக்கரும் இப்போது அந்த மகளின் பட்டாவில்தான் இருக்கிறது. வழக்கம்போல் ஜூன் முதல் நாள் முதல்போகத்துக்கு நீர் திறக்கும் ஆண்டுகளில், வாய்க்காலில் தம் முறையைப் பார்ப்பதற்காக அவர் அதிகாலைப் பேருந்தில் மலையிலிருந்து இறங்கி வருகிறார்.